மைனர் புராஜெக்ட் இனி இல்லை: கல்லூரி ஆசிரியை ஒருவருக்குப் பதில்

கேள்வி:

ஐயா, வணக்கம். பெங்களூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வயது 39. நிரந்தரப் பணியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. வாரம் 16 மணி நேரம் வகுப்பு. நகரத்தின் கிழக்குப் பக்கம் ஏரி நீரிலும் கழிவுநீர் கலந்த வாய்க்கால் நீரிலும் விளைந்து சந்தைக்கு வரும் கீரைகளில் காரீயமும் காட்மியமும் எவ்வளவு ஏறுகின்றன என்று ஆராய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 48 லட்ச ரூபாய்க்கு மூன்று வருடத் திட்டம் ஒன்று எழுதி, இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் 32 லட்சம் கருவி வாங்க.

மூத்த ஆசிரியர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) மைனர் புராஜெக்ட் என்ற சிறு ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். தேடினால் அப்படி ஒரு அறிவிப்பே கண்ணில் படவில்லை. துறைத் தலைவரோ, ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அமைப்பான ஏ.என்.ஆர்.எஃப். எல்லாம் ஐ.ஐ.டி.க்காரர்களுக்கு என்கிறார். அதே மூச்சில், விண்ணப்பிப்பதானால் தன்னை முதன்மை ஆய்வாளராகப் போடவும் சொல்கிறார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். வரும் பணத்தில் 20 சதவீதம் கல்லூரி வளர்ச்சி நிதிக்கு வேண்டும் என்கிறார் முதல்வர்; ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வந்துவிடுமோ என்றும் பயப்படுகிறார். போதாக்குறைக்கு, எங்கள் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பழைய மைனர் புராஜெக்ட் ஒன்றின் கணக்கை முடிக்காமலே போயிருக்கிறாராம். நான் எங்கே தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அல்சூர்

பதில்:

அன்புள்ள பேராசிரியை அவர்களுக்கு,

போகிற போக்கில் கடைசியாகச் சொன்னீர்களே, அந்த முடிக்காத கணக்கு, அங்கேதான் தொடங்க வேண்டும். நான் வேதியியல் படித்துவிட்டு ஆராய்ச்சித் திட்ட நிர்வாகத்துக்குப் போய், இந்த ஊரிலேயே பணி ஓய்வு பெற்றவன். நல்ல திட்டம் ஒன்று நிபுணர் குழுவில் தேறிய பிறகு கணக்குப் பிரிவில் மாட்டிக்கொண்டு நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அறிவியலில் குறை என்றால் திருத்தி எழுதலாம். மானியம் எப்படிச் செலவானது என்று காட்டும் பழைய பயன்பாட்டுச் சான்றிதழ் நிலுவையில் இருந்தால், உங்கள் திட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் கல்லூரியின் பெயரே தடையாகிவிடும்.

மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 12-ஏ என்று ஒரு படிவம் இருக்கிறது. பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது எல்லோரும் யூ.சி. என்று சொல்வது, இந்தப் படிவத்தில்தான். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அதைக் கொடுத்திருக்க வேண்டும். முன் இருப்பு, வந்த தொகை, வட்டி, செலவு, மிச்சம் என்று கட்டங்கள் இருக்கும். மற்றதையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு வட்டிக் கட்டத்தில் சுழியம் போடுவது கல்லூரிகளின் வழக்கம். மானியப் பணம் சேமிப்புக் கணக்கில் இரண்டு வருடம் கிடந்தது என்றால் வட்டி வந்திருக்கும். அந்த வட்டி அரசுடையது. பழைய யூ.சி.கள் திரும்பி வருவதற்கு இந்த ஒரு கட்டமே பெரும்பாலும் காரணம்.

எனவே முதல்வரிடம் சொல்லி, பழைய ஒப்புதல் கடிதம், வங்கிக் கணக்கு விவரம், ரசீதுகள் மூன்றையும் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பட்டயக் கணக்காளரிடம் தணிக்கை செய்து, மிச்சமும் வட்டியும் திருப்பிக் கட்டி, யூ.ஜி.சி.யின் பெங்களூர் மண்டல அலுவலகத்துக்கு எழுதி, கணக்கு முடிந்ததற்கான கடிதம் வாங்க வேண்டும். தென்மேற்கு மண்டலத்தின் மைனர் புராஜெக்ட் கோப்புகளைப் பார்த்துவந்தது அந்த அலுவலகம்தான். ஓய்வு பெற்றவரைத் திட்டிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. பணத்தைப் பெற்றுக்கொண்டது கல்லூரி, பொறுப்பும் கல்லூரியுடையதுதான். ரசீது கிடைக்காத தொகையைக் கல்லூரி தன் கையிலிருந்து கட்டிவிடுவது, வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைவிட மலிவு.

இனி, மைனர் புராஜெக்ட். மூத்த ஆசிரியர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் அது இருந்தது. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலம் வரை கல்லூரி ஆசிரியர் ஒருவர் சில லட்ச ரூபாயை மண்டல அலுவலகம் மூலமே வாங்கி, ஒன்றரை இரண்டு வருடத்தில் ஒரு சிறிய கேள்வியை ஆராய்ந்து முடிக்க முடிந்தது. பிறகு மைனர், அதைவிடப் பெரிய மேஜர் இரண்டையுமே யூ.ஜி.சி. நிறுத்திவிட்டது. 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தன்று, புதிய திட்டங்களை அறிவித்தார்கள். பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கு 10 லட்ச ரூபாய் ஆராய்ச்சி மானியம், 200 பேருக்கு; புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு டி.எஸ். கோத்தாரி பெயரில் 10 லட்சம். முதல் திட்டம், ஏற்கெனவே பிஎச்.டி. மாணவர்களை வழிநடத்தி, நிதி பெற்ற திட்டங்களையும் முடித்தவர்களை மனத்தில் வைத்தது. இரண்டாவது புதியவர்களுக்கு. ஐந்து வருடம் ஆன நீங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கிறீர்கள். நாட்டில் 40,000-க்கு மேல் கல்லூரிகள் இருக்க, 200 பேர் என்பது என்ன கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மைனர் புராஜெக்டில் ஒப்பேற்றிய ஆய்வுகள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் பாடம் நடத்தும் ஆசிரியர் ஆராய்ச்சியின் முதல் படியில் கால் வைத்ததும் அதில்தான். அந்தப் படியை எடுத்துவிட்டு மாடிக்கு வாருங்கள் என்று அழைப்பது சரியான கொள்கை இல்லை.

மாடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிவந்த எஸ்.இ.ஆர்.பி. என்ற அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் இப்போது இல்லை. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2024 பிப்ரவரி 5-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, அது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் கரைந்துவிட்டது. நீங்கள் எழுதியிருக்கும் ஏ.என்.ஆர்.எஃப். அதுதான். பிரதமர் அதன் ஆட்சிக் குழுத் தலைவர். செயற்குழுவுக்கு அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் தலைமை. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று தலைப்புச் செய்தி வந்ததே, அதில் அரசின் பங்கு 14,000 கோடிதான். மீதி 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், நன்கொடையாளர்களிடமிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்புப் பணத்தை நம்பி யாரும் பட்ஜெட் போடக் கூடாது. 2025-இல் வந்த ஒரு லட்சம் கோடி ஆர்.டி.ஐ. (ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கம்) நிதியும் உங்களுக்கானது இல்லை. அது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் தருவதற்கானது. ஆசிரியர் அறையில் யாராவது அதைச் சொல்லி உற்சாகப்படுத்தினால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் துறைத் தலைவரின் ஐ.ஐ.டி. புலம்பலில் பாதி உண்மை இருக்கிறது. எஸ்.இ.ஆர்.பி. நிதியில் ஏறத்தாழ 65 சதவீதம் ஐ.ஐ.டி.களுக்கும், 11 சதவீதம் மட்டுமே மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் போனது என்ற கணக்கு, புதிய சட்டம் வந்த சமயத்தில் செய்தித்தாள்களில் அடிபட்டது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவே புதிய அமைப்பு என்றும் சொன்னார்கள். அதற்காக வந்ததுதான் பேர் (PAIR) என்ற திட்டம்: தரவரிசையில் முன்னே இருக்கும் ஒரு நிறுவனம் நடுவில் நிற்க, அதைச் சுற்றிச் சில நிறுவனங்கள் கிளைகளாகச் சேரும். முதல் கட்டத்தில் அந்தக் கிளைகள் மத்திய, மாநிலப் பல்கலைக்கழகங்களும் என்.ஐ.டி., ஐ.ஐ.ஐ.டி. போன்றவையும்தான். அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கு அதில் நேரடி இடம் இல்லை. ஆக, ஏற்றத்தாழ்வு குறையலாம். ஆனால் அது பல்கலைக்கழக வாசல் வரை வந்து நிற்கிறது. உங்கள் வாசலுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

தனியாள் மானியங்களும் பெயரும் உருவும் மாறியிருக்கின்றன. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்கு எஸ்.இ.ஆர்.பி. கொடுத்துவந்த ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்ட், இரண்டு வருடத்துக்கு 30 லட்சம், இப்போது பிரதமரின் இளம் ஆய்வாளர் மானியமாக வேறு வடிவில் வந்திருக்கிறது. பணியில் சேர்ந்த கொஞ்ச காலத்துக்குள் விண்ணப்பிப்பவர்களுக்கானது அது. உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. அதை எண்ணி வருந்த வேண்டாம். எல்லோரும் போட்டியிடும் கோர் ரிசர்ச் கிராண்டின் இடத்துக்கு அட்வான்ஸ்டு ரிசர்ச் கிராண்ட் வந்திருக்கிறது. அதற்கு நீங்கள் விண்ணப்பிக்கத் தடை இல்லை. ஆனால் இப்போது கையில் இருக்கும் 48 லட்சத் திட்டத்தை அப்படியே அனுப்பினால் தேறாது என்பது என் கணிப்பு. காரணம் உங்கள் அறிவியல் இல்லை, அந்த 32 லட்சம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மதிப்பீட்டாளர் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்ததும் பார்ப்பது பட்ஜெட் பக்கம். மூன்றில் இரண்டு பங்கு ஒரே கருவிக்கு என்றால், இவர் கீரையை ஆராய வந்தாரா, கருவி வாங்க வந்தாரா என்று தோன்றும். அடுத்து, அந்தக் கருவியே உங்கள் கேள்விக்குப் போதுமா என்று பார்ப்பார். நீங்கள் கேட்டிருப்பது, தீச்சுடரை வைத்து உலோக அளவைக் காட்டும் ஃபிளேம் வகை அணு உறிஞ்சல் நிறமாலைமானி என்று பட்ஜெட்டைப் பார்த்தால் தெரிகிறது. நாம் இருவருமே வேதியியல்காரர்கள், கணக்குப் போட்டுப் பாருங்கள். கீரை வகைகளில் காரீயத்துக்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.2. இது பச்சைக் கீரையின் எடைக்கு. கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்று வைத்தால், உலர்ந்த தூளில் காரீயம் கிலோவுக்கு 3 மில்லிகிராம். அரை கிராம் தூளை அமிலத்தில் கரைத்து 25 மில்லிலிட்டராக்கினால், லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் வரும். வரம்பைத் தொட்டு நிற்கும் கீரைக்கே இந்த அளவுதான். காட்மியத்தை ஃபிளேமில் நன்றாகவே பிடிக்கலாம். காரீயம் அங்கே விளிம்பில் தடுமாறும். வரம்புக்குக் கீழே இருக்கும் கீரைகளைப் பற்றி நீங்கள் ஒன்றுமே சொல்ல முடியாது. இன்னும் நுண்ணிய அளவைப் பிடிக்கும் கிராஃபைட் ஃபர்னஸ் கருவி வேண்டும், அல்லது ஐ.சி.பி.-எம்.எஸ். கருவி வேண்டும். பின்னது கோடியில் போகும் சரக்கு. அதை வாங்குவது மட்டும் இல்லை, ஆர்கான் வாயுவும் பராமரிப்பும் அதற்கென ஓர் ஆளும் வேண்டும். மானியம் முடிந்த மூன்றாம் வருடம் அது உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். பல கல்லூரிகளில் அப்படி உட்கார்ந்திருக்கிறது.

கருவியை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். இதற்காகவே ஐ-ஸ்டெம் என்று ஒரு தேசியத் தளம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்திலிருந்து, அதாவது நம் ஊர்க்காரர்கள் இன்னமும் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இடத்திலிருந்து, இயங்குகிறது. 2020 ஜனவரியில் பெங்களூரில் நடந்த அறிவியல் மாநாட்டில் தொடங்கிவைத்தார்கள். எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது, ஒரு மாதிரிக்கு என்ன கட்டணம் என்று அதில் பார்த்துப் பதிவு செய்யலாம். கல்லூரிகளுக்குத் தனிக் கட்டணம் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மூன்று வருடத்துக்கான மாதிரிக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் 32 லட்சம் எப்படிச் சுருங்குகிறது என்று தெரியும். அதில் மிச்சமாகும் பணத்தில், மதிப்பீட்டாளர் கேட்காமல் விடமாட்டார் என்று நான் நினைக்கும் ஒன்றை வாங்கலாம்: சான்றளிக்கப்பட்ட ஒப்புநோக்கு மாதிரி. அமெரிக்காவின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 1570ஏ என்ற பசலைக்கீரைத் தூள் போன்றது. உங்கள் முறையில் அந்தத் தூளை ஓட்டி, சான்றிதழில் இருக்கும் எண் வருகிறதா என்று காட்டினால்தான் சந்தைக் கீரையின் எண்ணை யாரும் நம்புவார்கள். உங்கள் திட்டத்தில் இந்தப் பேச்சே இல்லை. மாதிரி எடுக்கும் முறையும் ஒரே வரியில் போய்விட்டது. கழுவாத கீரை, குழாய் நீரில் கழுவிய கீரை, காய்ச்சி வடித்த நீரில் கழுவிய கீரை என்று பிரித்து அளக்காவிட்டால், இலைக்குள் ஏறிய உலோகத்தையும் இலைமேல் ஒட்டிய மண்ணையும் நீங்கள் ஒன்றாகக் கலந்து எண்ணுகிறீர்கள்.

ஒப்பீட்டுக்கு ஒரு யோசனை. கோரமங்கலா-சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தின் கீழ் 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நீர் சேரும் பகுதியின் கீரை, வர்த்தூர் பக்கத்து வாய்க்கால் கீரை, ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த கீரை, இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் கேள்விக்கு ஒரு முதுகெலும்பு கிடைக்கிறது. சந்தையில் வாங்கிய கீரை எங்கிருந்து வந்தது என்று வியாபாரி சொல்வதை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது. கே.ஆர். மார்க்கெட்டில் விடிகாலையில் நின்று கேட்டால், விற்பவர் நீங்கள் விரும்பும் ஊரின் பெயரையே சொல்லுவார். வயலுக்குத்தான் போக வேண்டும்.

வயலுக்குப் போகத் துணை வேண்டும். இங்கேதான் புதிய ஏற்பாட்டின் போக்கு உங்களுக்குச் சாதகமாக வரக்கூடும். தனியாகக் கையேந்தும் கல்லூரி ஆசிரியரைவிட, ஒரு தேசிய ஆய்வகத்தோடு கை கோத்து வருபவரை இந்த அமைப்பு விரும்புகிறது. ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. காய்கறியும் மண்ணும் அவர்கள் தொழில். ஜி.கே.வி.கே. வளாகத்தில் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டில் ஓர் இடத்தில் மண்ணியல் துறையில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மின்னஞ்சலில் 48 லட்சத் திட்டத்தை இணைத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். அரைப் பக்கத்தில் கேள்வியை மட்டும் எழுதி, நேரில் பார்க்க நேரம் கேளுங்கள்.

எஸ்.இ.ஆர்.பி. காலத்தில் டேர் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரி, தனியார் கல்வி நிறுவனம் இவற்றில் நிரந்தரப் பணியில் இருக்கும் ஆசிரியர், தன் வேலையை விடாமல், பகுதி நேரமாக ஒரு பெரிய ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்வதற்கு. மூன்று வருடம்; வருடத்துக்கு 5 லட்சம் ஆராய்ச்சிச் செலவு, அதில் பாதி உங்கள் கல்லூரிக்கு, பாதி அந்த ஆய்வகத்துக்கு; ஆசிரியருக்குத் தனியாக வருடம் 60,000 ரூபாய். தொகையைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்களைப் போன்றவரை மனத்தில் வைத்தே எழுதியது போன்ற திட்டம் நான் பார்த்தவரை இது ஒன்றுதான். அழைப்பு வருடம் முழுக்கத் திறந்திருக்காது; ஏ.என்.ஆர்.எஃப். போர்ட்டலில் பதிவு செய்துகொண்டு, வாரம் ஒரு முறை அழைப்புகள் பக்கத்தைப் பாருங்கள். இன்னொரு லாபமும் உண்டு. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தாவில் அரசு நிறுவனங்களுக்குத்தான் ஆய்விதழ்கள் திறக்கின்றன. தனியார் நிர்வாகக் கல்லூரிக்கு அதில் இடம் இல்லை. கூட்டாளி நிறுவனத்தின் நூலகத்தில் உட்கார்ந்தால் அந்தக் குறை தீரும்.

கர்நாடக அரசின் அறிவியல், தொழில்நுட்பத் தொலைநோக்குக் குழுவையும் மறக்க வேண்டாம். வி.ஜி.எஸ்.டி. என்றால் உங்கள் கல்லூரி முதல்வருக்குத் தெரியும். கல்லூரி ஆய்வகங்களை மேம்படுத்த கே-ஃபிஸ்ட் என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறது. மத்திய அரசின் போட்டியோடு ஒப்பிட்டால் இங்கே நீங்கள் போட்டியிடுவது உங்களைப் போன்ற கல்லூரிகளோடுதான். நுண்ணலைச் செரிமானக் கருவி, நல்ல தராசு, தூய நீர்க் கருவி போன்ற சின்னச் சாமான்களை இதில் கேளுங்கள்.

ஆள் விஷயம். உங்கள் திட்டத்தில் ஒரு ஜே.ஆர்.எஃப்., அதாவது உதவித்தொகை பெறும் இளநிலை ஆய்வாளர், கேட்டிருக்கிறீர்கள். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000, அடுத்த நிலையான எஸ்.ஆர்.எஃப்.க்கு 42,000. இரண்டு வருடம் முன்னது, ஒரு வருடம் பின்னது என்றால் வீட்டு வாடகைப் படி சேராமலே 13.92 லட்சம் ஆகிறது. இருக்கட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. உங்கள் துறை பிஎச்.டி. பதிவு செய்யும் ஆராய்ச்சி மையமாக இல்லாவிட்டால், நெட் தகுதித் தேர்வில் தேறிய மாணவர் எதற்காக உங்களிடம் மூன்று வருடம் இருப்பார்? ஆறு மாதத்தில் வேறு இடம் கிடைத்ததும் போய்விடுவார். மையம் இல்லையென்றால் ஜே.ஆர்.எஃப். பதவியை எடுத்துவிட்டு, எம்.எஸ்சி. முடித்த திட்ட உதவியாளர் ஒருவரைக் கேளுங்கள். அல்லது பிஎச்.டி. பதிவைக் கூட்டாளி நிறுவனத்தில் செய்ய அவர்கள் சம்மதத்தை இப்போதே வாங்குங்கள்.

துறைத் தலைவர் கேட்பதற்கு மறுப்புச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. சண்டை வேண்டாம். இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுபவர் மூன்று வருடத் திட்டத்துக்கு முதன்மை ஆய்வாளராக இருந்தால் நடுவில் மாற்ற வேண்டி வரும், அதற்கே கடிதப் போக்குவரத்து நடக்கும் என்பதை மட்டும் சொல்லுங்கள்; இது விதி சம்பந்தமான பேச்சு, மரியாதைக் குறைவு இல்லை. மண் மாதிரிகளில் அவருக்கு உண்மையில் அனுபவம் இருந்தால் இணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் பெயருக்காக என்றால், மதிப்பீட்டாளர் அவர் வெளியிட்ட கட்டுரைகளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

முதல்வரின் 20 சதவீதத்துக்கு இடமே இல்லை. நிறுவனத்தின் மின்சாரம், இடம், நிர்வாகச் செலவுக்கென ஓவர்ஹெட் என்ற தனித் தலைப்பில் ஒப்புதல் கடிதத்திலேயே ஒரு தொகை வரும். அது கல்லூரிக்கு உரியது, அதை நீங்கள் தொடக் கூடாது. மற்ற தலைப்புகளின் பணத்தை அவர் தொடக் கூடாது. இதை அவரிடம் நேராகச் சொல்வதைவிட, கணக்காளரை விட்டுச் சொல்லவைப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. பயத்துக்கு அடிப்படை இருந்தது; பெரிய நிறுவனங்களுக்கே ஆராய்ச்சி மானியத்தின் மீது நோட்டீஸ் போனது. 2024 செப்டம்பர் 9-இல் நடந்த 54-ஆவது கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு, அக்டோபரிலிருந்து விலக்கு வந்துவிட்டது. ஆனால் அரசு அமைப்பு அல்லாத கல்லூரி, வருமான வரிச் சட்டத்தின் கீழ் ஆராய்ச்சிக்காக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் அறக்கட்டளை அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பது தணிக்கையாளருக்குத் தெரியும். அதோடு, மத்திய மானியம் பெறத் தகுதி தரும் யூ.ஜி.சி. சட்டத்தின் 12-பி அங்கீகாரம், அரசுப் பணத்தைக் கண்காணிக்கும் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவு, தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் பதிவு எண் எல்லாம் இருக்கின்றனவா என்றும் ஒரே தடவையில் கேட்டுவிடுங்கள். கடைசி நாள் இரவு போர்ட்டல் இந்த எண்களைக் கேட்டு நிற்கும்போது அலுவலகம் பூட்டியிருக்கும்.

இன்னொன்று, இனி அரசுக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலில் வாங்கத் தேவையில்லை, இரண்டு லட்சம் வரை விலைப்புள்ளி இல்லாமலே வாங்கலாம் என்று 2025 ஜூனில் வந்த தளர்வைச் சிலர் சொல்லுவார்கள். அந்த ஆணை அரசின் அறிவியல் துறைகள், அவற்றின் நிறுவனங்கள், அவற்றின் இயக்குநர்கள், துணைவேந்தர்கள் ஆகியோருக்கானது. உங்களுக்கு ஒப்புதல் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் சட்டம்.

பணம் வரும் விதமும் மாறிவிட்டது, இதைக் கல்லூரிகள் இன்னும் உணரவில்லை. முன்பெல்லாம் முதல் தவணை முழுவதும் கல்லூரிக் கணக்கில் வந்து விழும். மார்ச் போனால் ஏப்ரல். 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசுத் திட்டங்களுக்குப் புதிய முறை: உங்கள் கணக்கு சுழிய இருப்புக் கணக்கு, அதில் பணம் தங்காது. செலவுக்கான வரம்பு மட்டும் தருவார்கள். பில் வந்ததும் அந்த வரம்பிலிருந்து நேராக விற்பவருக்குப் போகும். மார்ச் 31-இல் பயன்படுத்தாத வரம்பு போய்விடும், புது வருடத்தில் திரும்பத் தரும் வரை காத்திருக்க வேண்டும். அமிலமும் குவார்ட்ஸ் பாத்திரமும் விற்பவர் மார்ச் 28-இல் பில் கொடுத்தால், உங்கள் கணக்காளர் விடுப்பில் இருந்தால், கதை முடிந்தது. ஜூலை வரை ஆய்வகத்தில் உட்கார்ந்து கூரையைப் பார்க்கலாம். எனவே பட்ஜெட்டை வருடவாரியாகப் பிரிக்கும்போது, பெரிய கொள்முதல் எல்லாம் ஜனவரிக்குள் முடியும்படி போடுங்கள். மழைக்குப் பிந்தைய மாதிரி எடுப்பு அக்டோபர், நவம்பரில் வரும்; அதற்கு வேண்டியவை அதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். திட்ட உதவியாளரின் சம்பளம் ஏப்ரல், மே மாதங்களில் தாமதமாகும் என்பதையும் அவரை வேலைக்கு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு மாதத்துக்குக் கல்லூரி முன்பணம் தருமா என்று முதல்வரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

எழுத்தில் கேட்க வேண்டியது மற்றொன்றும் இருக்கிறது. வாரம் 16 மணி நேர வகுப்போடு ஹெசரகட்டாவுக்கும் கோலாருக்கும் போய்வர முடியாது. விண்ணப்பத்தோடு நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதம் ஒன்று இணைக்க வேண்டும். வசதிகளைத் தருவோம் என்று அதில் அவர் உறுதியளிப்பார். அதில் கையெழுத்துப் போடும் முன்பே, உங்கள் வகுப்பில் நான்கு மணி நேரமும், வாரத்தில் ஒரு முழு நாளும் விட்டுத்தர வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். நிதி வந்த பிறகு கேட்டால் கால அட்டவணை போட்டாகிவிட்டது என்பார்கள்.